மலிவின் விலை: பூவார்–பாறசாலை எல்லையோரத்தில் நிலமும் குடிபெயர்வும்

கேரளத்தின் தென்கோடி எல்லை, நெய்யாற்றின்கரை வட்டத்தின் ஓரத்தில், பெரிய ஆறோ மலைத்தொடரோ பிரித்துக் காட்டாத ஒரு கோடாகவே பெரும்பாலும் ஓடுகிறது. கடலோரத்தில் பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே தொடங்கும் அது, ஊரம்பு, இஞ்சிவிளை, களியக்காவிளைப் பகுதிகளைத் தொட்டு, தென்னந்தோப்புகளையும் மரச்சீனி விளைகளையும் ரப்பர் தோட்டங்களையும் ஊடறுத்துக்கொண்டு, பனச்சமூட்டையும் கடந்து மலையடிவாரத்தை நோக்கிச் செல்கிறது. பனச்சமூடு போன்ற சந்திப்புகளில் கடைத்தெருவின் ஒரு பக்கம் ஒரு மாநிலத்திலும் மறுபக்கம் மற்றொன்றிலும் இருக்கக் காணலாம். விழிஞ்ஞம் துறைமுகமும் கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலையும் உருவான பின்னர், திருவனந்தபுரத்தில் பணியாற்றுவோர், வளைகுடா நாடுகளிலிருந்து திரும்புவோர், தலைநகரின் மருத்துவமனைகளுக்கு அருகில் முதுமையைக் கழிக்க விரும்புவோர் எனப் பலதரப்பட்டோர் குடியேற இடம் தேடும்போது, பாறசாலை, பூவார், காரோடு, களியக்காவிளை ஆகிய பெயர்கள் அவர்களின் பரிசீலனைக்கு வருகின்றன. அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எந்த இடத்தில் செண்டுக்கு என்ன விலை என்பதே.

அக்கேள்வி போதாது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. எல்லையோர நிலம் மலிவாகத் தோன்றுவது மண்ணின் இயல்பால் மட்டும் நேர்வதன்று. அம்மலிவின் ஒரு பங்கு, ஒரு மாநிலத்தின் ஆவணங்களை விட்டு மற்றொரு மாநிலத்தின் ஆவணங்களுக்குள் புகும் குடும்பம் பின்னர் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் செலுத்த நேரும் விலையாகும். கடலை ஒட்டிய குறுகிய நிலக்கீற்றிலோ, அங்கு ஏற்கெனவே வாழ்வோர் சுமந்துவரும் ஆபத்தின் விலை அதனோடு சேர்கிறது. இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளாமல் செய்யப்படும் தேர்வு, வருவோருக்கும் இருப்போருக்கும் ஒருசேரத் தீங்கு விளைக்கக்கூடியது.

கோடு விழுந்த விதம்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் அடுத்தடுத்த வட்டங்களாகவே இருந்தன. ஏ. நேசமணி முதலானோர் முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் மிகுந்து வாழும் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரியபோது நெய்யாற்றின்கரையும் அக்கோரிக்கையில் இடம்பெற்றிருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச்சூடு அப்போராட்டத்தின் கொடிய நாளாயிற்று. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின்னர், 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதியும் இவ்வாறே இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது.

இவ்வாறு விழுந்த கோடு குடியிருப்பின் அமைப்பை மாற்றவில்லை. விளை, மூடு, கோடு என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இருபுறமும் விரவிக் கிடக்கின்றன. சென்னையில் மனையைக் கிரவுண்டு கணக்கில் பேசுவதுபோல இங்கு எவரும் பேசுவதில்லை. ஏக்கரில் நூற்றில் ஒரு பங்காகிய செண்டுதான், அதாவது ஏறத்தாழ 435 சதுர அடிதான், குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பொது அளவு. தெருவாக நெருங்கிய வீடுகளைக் காட்டிலும், தனித்தனி விளைக்குள் தென்னையும் பலாவும் சூழ அமைந்த வீடுகளே இரு பக்கத்திலும் மிகுதி. அரசுக்குரிய பண்டாரவகை நிலங்களின் குத்தகையாளருக்கு உரிமையாளர் நிலையை அளித்த 1865-ஆம் ஆண்டுப் பண்டாரப்பாட்ட விளம்பரம் இரு வட்டங்களுக்கும் பொதுவான மரபாகும். அதன்பின் பாதைகள் பிரிந்தன. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் செயற்பட்ட நிலச்சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்த ‘குடிகிடப்பு’க்காரர் தம் குடிசையைச் சுற்றியுள்ள நிலத்தை, ஊராட்சிப் பகுதியில் பத்துச் செண்டு வரை, சொந்தமாக்கிக்கொள்ள வழிசெய்தது. பத்துச் செண்டு என்னும் அவ்வளவு நெய்யாற்றின்கரை வட்டத்தின் சமூக வரலாற்றில் ஆழமாகப் பதிந்த ஒன்று. அது தலைமுறைதோறும் பாகம் பிரிக்கப்பட்டு ஐந்தாகவும் மூன்றாகவும் குறுகிவருவதை மனத்தில் கொள்ளாமல் இவ்வட்டாரத்தின் நிலச்சந்தையைப் புரிந்துகொள்ள இயலாது.

இங்குக் குடியேறுவது புதிய நிகழ்வன்று என்பதையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே உள்ள பாலராமபுரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராமவர்மாவின் ஆட்சிக்காலத்தில், தெற்கேயிருந்து அழைத்துவரப்பட்ட தமிழ்ச் சாலியர் குடும்பங்களுக்கெனத் தெருக்கள் வகுத்துக் குடியமர்த்தப்பட்ட நெசவூராகும். அவர்களுக்கு இடமும் தொழிலும் ஒருங்கே அளிக்கப்பட்டன.  இன்று களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்குச் சில கிலோமீட்டர் நகர்வோர், அச்சாலியர் கடந்த தொலைவில் சிறு பங்கையே கடக்கின்றனர். ஆயினும் ஆவணங்களைப் பொறுத்தவரை பெரியதோர் எல்லையைக் கடக்கின்றனர்.

வரியில்லாத எல்லை

மாநில மறுசீரமைப்பு நடந்த அதே 1956-இல் அமெரிக்கப் பொருளியலாளர் சார்ல்ஸ் டீபோ ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். வெவ்வேறு உள்ளாட்சிகள் வெவ்வேறு வரியும் வெவ்வேறு சேவையும் வழங்கும்போது, மக்கள் தமக்கு உகந்த கலவையை அளிக்கும் ஊருக்கு இடம்பெயர்வதன் வாயிலாகவே தம் விருப்பத்தைத் தெரிவிக்கின்றனர் என்பது அதன் சாரம். கால்களால் வாக்களித்தல் என்று பின்னர் வழங்கிய இக்கருத்துக்கு அந்நாட்டு எல்லை நகரங்கள் நல்ல சான்றுகள். விற்பனை வரி இல்லாத ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டும், ஊதியத்தின்மீது மாநில வருமான வரி இல்லாத வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவரும் கொலம்பியா ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு கரையில் வசித்து மறுகரையில் பொருள் வாங்குவோரின் கணக்கு எளிதில் விளங்கக்கூடியது.

இக்கோட்பாட்டை அப்படியே பாறசாலைக்குப் பொருத்த முற்பட்டால் அது முதலடியிலேயே இடறுகிறது. இந்தியாவில் ஊதியத்தின்மீதான வருமான வரி ஒன்றிய அரசுக்குரியது. எல்லை தாண்டுவதால் அதில் ஒரு ரூபாய்கூட மாறுவதில்லை. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் பண்டங்களின் வரி வேறுபாடும் பெரும்பாலும் மறைந்தது. லாரிகள் வரிசையில் காத்துக்கிடந்த அமரவிளை வணிகவரிச் சோதனைச்சாவடி பொருளிழந்தது. எஞ்சியவை சில. பெட்ரோலின் விலை தமிழகப் பக்கத்தில் குறைவு. கேரளம் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புத் தீர்வை விதித்தபின் அவ்வேறுபாடு மேலும் விரிந்தது. பத்திரப் பதிவில் கேரளம் 8 விழுக்காடு முத்திரைத்தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் பெறுகிறது. தமிழகம் 2023-இல் பதிவுக் கட்டணத்தை 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைத்தபின் அங்கு மொத்தம் 9 விழுக்காடாயிற்று. வாழ்நாளில் ஒருமுறை செலுத்தும் தொகையில் ஒரு விழுக்காட்டு வேறுபாடும், வண்டிக்கு எரிபொருள் நிரப்பும்போது மிஞ்சும் சில ரூபாய்களும் ஒரு குடும்பம் எங்கு வாழ்வது என்பதைத் தீர்மானிக்கத் தக்கவை அல்ல.

தமிழகப் பக்கம் எப்போதும் மலிவு என்னும் பொது நம்பிக்கையும் ஆராயத்தக்கது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்களடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேரைத் தாண்டியது. தமிழகத்தின் பெரும்பாலான மாவட்டங்கள் இதை நெருங்குவதில்லை. சந்தையூராகிய மார்த்தாண்டத்தை ஒட்டிய பகுதிகளில் நிலத்துக்கான போட்டி திருவனந்தபுரத்தின் புறநகரை நினைவூட்டுவது. எனவே எல்லையின் எப்பக்கம் மலிவு என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. சாலையும் பேருந்தும் பள்ளியும் எவ்வளவு அருகில் என்பதைப் பொறுத்து அது ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே மாறும்.

ஆவணங்களின் எல்லை

வரியால் பிரியாத இவ்வெல்லை ஆவணங்களால் பிரிகிறது. குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாகனப் பதிவு ஆகியவற்றுள் ஒவ்வொன்றும் மாநிலத்தின் பெயரால் வழங்கப்படுவது. ஒரு குடும்பம் பெறும் நலன்களும் அதன் பிள்ளைகளுக்குத் திறக்கும் வாய்ப்புகளும் இவற்றையே பற்றி நிற்கின்றன.

குடும்ப அட்டையை முதலில் நோக்கலாம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ என்னும் ஏற்பாடு, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைதாரர் எம்மாநிலத்திலும் தமக்குரிய தானியத்தைப் பெற வகைசெய்கிறது. மாநிலம் தன் நிதியில் கூடுதலாக வழங்குவனவற்றை அது சுமந்து செல்வதில்லை. தமிழகம் வருவாய் வேறுபாடு பாராமல் அரிசி அட்டைதாரர் அனைவருக்கும் வழங்கும் விலையில்லா அரிசி, 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள பெண்களுக்கு மாதந்தோறும் வழங்கும் 1,000 ரூபாய் உரிமைத்தொகை ஆகியவை தமிழக அட்டையோடு பிணைந்தவை. இரு மாதத்துக்கு 100 அலகு கட்டணமில்லா மின்சாரமோ தமிழக மின் இணைப்போடு பிணைந்தது. களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கு நகரும் எளிய குடும்பம் ஆண்டுதோறும் இழப்பது எவ்வளவு என்பதை நிலவிலைச் சேமிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால், மலிவு என்று கருதியதில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே கரைந்துவிடலாம். எதிர்த்திசையில் நகர்வோர் கேரளத்தின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தையும் உள்ளாட்சிகளின் வலுவான நலத்திட்டங்களையும் இழப்பர் என்பதும் இதற்கு இணையானதே.

சாதிச் சான்றிதழின் சிக்கல் இதனினும் ஆழமானது. பட்டியல் சாதி, பழங்குடி நிலை மாநிலத்தைச் சார்ந்தது என்பதையும், பிறந்த மாநிலத்தில் அந்நிலை பெற்றவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபின் அங்கு அச்சலுகையைக் கோர இயலாது என்பதையும் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 1956-இன் எல்லை மாற்றம் பட்டியல்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதும் இவ்விடத்தில் கருதத்தக்கது: தமிழகப் பட்டியல்களில் சில இனங்களுக்கு எதிரே ‘கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும்’ என்னும் வரையறை காணப்படுகிறது. காணிக்காரருக்கும் இத்தகைய இடவரையறை உண்டு. மலையடிவாரத்தின் இரு பக்கத்திலும் ஒரே மக்களாக வாழ்வோர், இரண்டு பட்டியல்களில் இரண்டு வரிகளாக நிற்கின்றனர். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் இதே நிலைதான். எல்லையின் இரு பக்கத்திலும் பெருந்தொகையினராக வாழும் நாடார் சமூகத்தில், இந்து, தென்னிந்தியத் திருச்சபை, பிற கிறித்தவப் பிரிவுகள் ஆகியோர் கேரளத்தில் ஒரே காலத்தில் ஒரே வகையில் இடஒதுக்கீடு பெற்றவர்கள் அல்லர். தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். திருமணத்தால் எல்லை தாண்டுவது இங்கு அன்றாட நிகழ்வாகையால், ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் இருவேறு கணக்கில் வருவதற்கும் இடமுண்டு.

பள்ளியைப் பொறுத்த தேர்வுக்குக் காலக்கெடுவும் உண்டு. 2020-இல் தமிழகம் இயற்றிய சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழக அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு இளநிலை மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கிறது. அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளையை எட்டாம் வகுப்பில் பாறசாலைப் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், தம்மை அறியாமலே அவ்வாயிலை மூடிவிடுகின்றனர். மொழியும் இதனோடு சேர்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழகப் பள்ளிகளில் தமிழும், 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேரளப் பள்ளிகளில் மலையாளமும் கட்டாயமாயின. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு கூறும் அரசமைப்பின் 350-அ உறுப்பு, மாநில மறுசீரமைப்பையொட்டி 1956-இன் ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்டதே. கோடு போட்டவர்கள் அதனால் மறுபக்கம் விடப்படுவோரை மறந்துவிடவில்லை என்பதற்கு அது சான்று. ஆயினும் அவ்வுறுப்பு தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. வாகனத்தைப் பற்றி ஒரு சொல் போதும்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு திங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்குப் புதிய பதிவெண் பெறவேண்டும்.

மருத்துவமே இவ்வெல்லையை ஏறக்குறைய மதிக்காத துறை எனலாம். நெய்யூரில் பணியாற்றிய மருத்துவரும் எவரெஸ்ட் மலையேறியுமான ஹோவர்டு சோமர்வெல்லின் பெயரைத் தாங்கிய காரக்கோணம் மருத்துவக் கல்லூரி எல்லையின் கேரளப் பக்கத்தில் இருந்துகொண்டு குமரி மக்களுக்கும் உதவுகிறது. திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையத்தின் வரிசைகளில் தமிழ் கேட்காத நாளில்லை. எனினும் 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் இஞ்சிவிளையில் அனுமதிச்சீட்டுடன் மக்கள் காத்துநின்ற நாள்கள், மறைந்துவிட்டதாக நினைத்த கோடு ஓரிரவில் மதிலாகக்கூடும் என்பதைக் காட்டின.

துறைமுகமும் பொழியும்

இங்கு நிகழும் மாற்றத்தைக் குறிக்க ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. வருவாய் குறைந்தோர் வாழும் பகுதியில் வருவாய் மிகுந்தோர் குடிபுகுந்து, நிலவிலையும் வாடகையும் ஏற, முன்பிருந்தோர் மெல்ல வெளியேறும் நிகழ்வை 1964-இல் லண்டனை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ் பெயரிட்டு விளக்கினார். அதனை இக்கட்டுரை ‘வசதிக் குடியேற்றம்’ என வழங்குகிறது. 1979-இல் நீல் ஸ்மித் அதற்குப் பொருளியல் விளக்கம் தந்தார். ஒரு நிலம் இன்றைய பயன்பாட்டில் ஈட்டும் வருவாய்க்கும், சிறந்த பயன்பாட்டுக்கு மாறினால் ஈட்டக்கூடிய வருவாய்க்கும் உள்ள இடைவெளி விரியும்போது முதலீடு அங்குப் பாய்கிறது என்பது அவர் கூற்று.

பூவாரைச் சூழ்ந்த பகுதியில் அவ்விடைவெளியை விரித்தவை அரசின் திட்டங்களே. விழிஞ்ஞம் துறைமுக ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில் கையெழுத்தாயிற்று. 2024 ஜூலையில் ‘சான் பெர்னாண்டோ’ என்னும் முதல் பெரிய சரக்குக் கப்பல் அங்கு வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. முக்கோலையிலிருந்து எல்லைச் சிற்றூரான காரோடு வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் புறவழிச்சாலை அமைந்தது. இத்துறைமுகத்துக்கும் கேரளத்தின் கட்டுமானங்களுக்கும் குமரி மாவட்ட மலைகளிலிருந்து பாறைக்கல் எல்லை தாண்டிச் செல்வது அம்மாவட்டத்தில் நெடுநாளைய மனக்குறை; மலையை இழக்கும் பக்கத்துக்கு அத்துறைமுகம் பெருக்கும் நிலமதிப்பு அதே அளவில் வந்து சேர்வதில்லை.

லண்டனில் வெளியேறியோர் பெரும்பாலும் வாடகைக் குடியினர். நெய்யாற்றின்கரையில் எளியோரும் சில செண்டு நிலத்துக்கு உரிமையாளராக இருப்பதால், விலையேற்றம் அவர்களுக்கு ஆதாயமே என்றும், விற்பவர் விரும்பியே விற்கிறார் என்றும் ஒரு மறுப்பு எழக்கூடும். அதில் உண்மையின் ஒரு கூறு உள்ளது: மகளின் திருமணத்துக்கோ மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ மூன்று செண்டை நல்ல விலைக்கு விற்ற குடும்பத்தை எவரும் குறைகூற இயலாது. ஆனால் பத்துச் செண்டு ஐந்தாகி மூன்றாகிய பின்னர், அடுத்த தலைமுறை அதே ஊரில் வீடு கட்ட நிலம் வாங்கவேண்டிய நிலைக்கு வருகிறது. அப்போது அவர்கள் விற்றவர் என்னும் இடத்திலிருந்து வாங்குவோர் என்னும் இடத்துக்கு மாறுகின்றனர், துறைமுகமும் சாலையும் உயர்த்திய விலையிலேயே வாங்கவேண்டியிருக்கிறது. இங்கு வசதிக் குடியேற்றம் முதியோரைத் துரத்துவதில்லை. அவர்தம் பிள்ளைகளை உள்நாட்டுக்கோ எல்லைக்கு அப்பாலோ தள்ளுகிறது. எல்லைக்கு அப்பால் சென்றோர் முன் பகுதியில் கூறிய ஆவணச் சிக்கல்களுக்குள் விழுகின்றனர்.

கடற்கரையில் இது கூர்மையடைகிறது. அகத்தியமலைப் பகுதியில் பிறக்கும் நெய்யாறு பூவாரில் கடலோடு கலக்கும் இடம் ஒரு பொழி. மணல்மேடு ஆற்றுவாயை அடைப்பதும், நீர் பெருகியபோது அது உடைவதுமாக இருக்கும் முகத்துவாரத்தைக் குமரித் தமிழும் மலையாளமும் ஒரே சொல்லால் வழங்குகின்றன. பொழியூர் தன் பெயரிலேயே அதைத் தாங்கியிருக்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இம்மணற்கீற்றின் அழகே உல்லாச விடுதிகளை இங்கு ஈர்த்தது. அதன் நிலையின்மையே மீனவர் வீடுகளைக் கடலுக்கு இரையாக்குகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபோது பூந்துறை முதல் வள்ளவிளை, தூத்தூர் வரை இரு மாநிலக் கடற்கரையும் ஒரே துயரில் ஆழ்ந்தது. வெளியூரிலிருந்து வருவோர்க்கு இங்கு மலிவாகச் சொல்லப்படும் மனை பலவேளை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையால் கட்டடம் தடைப்பட்டதாகவோ, சற்று உள்ளே 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் தரவுப் பட்டியலில் வயலாகப் பதிவானதாகவோ இருக்கக்கூடும். எல்லைக்கு அப்பால் வேறொரு கதை. நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு 2004 முதல் தண்ணீர் வருவதில்லை. தமிழகம் 2012-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. தண்ணீர் நின்ற வயல் மனையாக மாறுவதற்கான தூண்டுதல் அங்கு மிகுதி.

மீனவருக்கு இடப்பெயர்வு விருப்பத் தேர்வன்று. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் குடும்பங்களை உள்ளே குடியமர்த்தக் கேரளம் வகுத்த ‘புனர்கேஹம்’ திட்டம், குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் ஒதுக்கி, அதில் 6 லட்சம் வரை நிலம் வாங்கவும் 4 லட்சம் வீடு கட்டவும் வகுத்தது. நல்ல நோக்குடைய இத்திட்டத்தின் பலவீனம், நிலத்தின் விலை நகர்ந்துகொண்டிருக்க, நிலத்துக்கான தொகை நின்ற இடத்தில் நிற்பதாகும். செண்டு இரண்டு லட்சமாயின் ஆறு லட்சத்துக்கு மூன்று செண்டு, மூன்று லட்சமாயின் இரண்டு, நான்காயின் ஒன்றரை. அதே சாலை, அதே குழாய்நீர், அதே பள்ளி அருகில் வேண்டும் என்று துறைமுக ஊழியரும் ஓய்வுபெற்ற வெளிநாட்டு வாழ்நரும் போட்டியிடும் சந்தையில், வலையும் படகும் வைக்கக் கடலுக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கவேண்டிய குடும்பம் அத்தொகையுடன் நிற்கிறது. பூவாரைத் தேர்ந்தெடுக்கும் புதியவரின் ஒவ்வொரு கொள்முதலும் அக்கணக்கின் வகுஎண்ணைச் சற்றே உயர்த்துகிறது.

இதைச் சீர்செய்யும் கருவி அரசின் கையிலேயே உள்ளது. பதிவுக்கு அடிப்படையாகக் கேரளம் 2010 முதல் நடைமுறைப்படுத்திவரும் ‘நியாய விலை’ 2022-இல் 10 விழுக்காடும் 2023-இல் 20 விழுக்காடும் உயர்த்தப்பட்டது. நிலம் விலையேறியதை அரசே ஒப்புக்கொண்டு அதன்மீது 8 விழுக்காடு முத்திரைத்தீர்வையும் பெறுகிறது. அவ்வுயர்வின் அதே விகிதத்தில் புனர்கேஹத்தின் நிலத்தொகையும் தானாக உயரும்படி பிணைப்பதற்குப் புதிய நிலக் கணக்கெடுப்பு தேவையில்லை. பூவார், காரோடு, குளத்தூர் போன்ற ஊராட்சிகளில் பதிவாகும் பத்திரங்களிலிருந்து வரும் கூடுதல் தீர்வையின் ஒரு பங்கை அவ்வூராட்சிகளின் கடலோரக் குடும்பங்களுக்கென ஒதுக்குவது அடுத்த படியாகலாம். இவ்வட்டாரத்தில் நிலம் வாங்க வருவோர் முதலில் கேட்கவேண்டியவை, பிள்ளை எந்த வகுப்பில் பயில்கிறது, குடும்ப அட்டை எம்மாநிலத்தது, சாதிச் சான்றிதழ் எப்பட்டியலில் உள்ளது, மனை எந்தப் பதிவேட்டில் என்னவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பனவே. செண்டின் விலை அவற்றுக்குப் பின்னரே வரவேண்டும்.